ரோவிலில் இருந்து லேக்ஸ் என்ட்ரன்ஸ் வரை: பின்னால் ஒரு வீடு



நான் எழுதிப் பழகியவன் அல்ல. உயர்தரம் படிக்கத் தொடங்கி, முடிக்காமல் விட்டவன். இப்போது டண்டினோங் சவுத்தில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு வளைக்கும் இயந்திரத்தில் வேலை. கோயிலில் கண்ட ஒருவர், "நீர் கரவன் இழுத்துக்கொண்டு போனீராமே, அதை ஒருக்கா எழுதும், புதிதாக வந்த பிள்ளைகளுக்கு உதவும்" என்று கேட்டதால் இதை எழுதுகிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதில் உள்ள கணக்குகளைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். அவற்றில் ஒன்றைச் செய்யாமல் விட்டதால் நாங்கள் நால்வரும் ஒரு நாள் மயிரிழையில் தப்பினோம்.

நாங்கள் இருப்பது ரோவிலில். மெல்பேண் நகரத்தில் இருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 27 கிலோமீற்றர். இந்த நிலத்தில் முன்னர் பண்ணை வைத்திருந்த ரோ குடும்பத்தின் பெயரால் வந்த ஊர். இரண்டாம் உலகப் போரின்போது இங்கே இத்தாலியப் போர்க்கைதிகளின் முகாம் ஒன்று இருந்தது. முகாம் என்ற சொல் எங்கே போனாலும் நம்மைத் தேடி வருகிறது. இன்று அந்த இடமெல்லாம் வீடுகளும் புல் வெட்டிய முற்றங்களும்தான்.

ரோவிலுக்கு ரயில் இல்லை. 1969ஆம் ஆண்டின் மெல்பேண் போக்குவரத்துத் திட்டத்திலேயே ரோவில் பாதை எழுதப்பட்டது. பிறகு எத்தனையோ தேர்தல்கள் வந்து போயின, பாதை வரவில்லை. ஸ்ரட் பார்க் கடைத்தொகுதியில் இருந்து பஸ் உண்டு. ஆனாலும் விடியப்புறம் வேலைக்குப் போகிறவனுக்கு வாகனம் இல்லாமல் முடியாது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு, மூன்று வாகனங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் பல வீடுகளில் ஒரு வெள்ளைக் கரவனும் நிற்கும்.

வந்த புதிதில் அதைப் பார்த்து, வீடு இல்லாதவர்கள் யாரோ முற்றத்தில் தங்கியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, வசதியான வீடு உள்ளவர்கள் அதைப் பூட்டிவிட்டுப் போய்ச் சந்தோஷத்துக்காக இருக்கும் சின்ன வீடு அது என்று. இந்த நாட்டின் கரவன்களில் பெரும்பகுதி விக்ரோரியாவில்தான் செய்யப்படுகிறது. 1975இல் ஜெரி றையன் தொடங்கிய ஜெய்க்கோ நிறுவனத்தின் தொழிற்சாலை எங்கள் பக்கமே, டண்டினோங் சவுத்தில் இருக்கிறது. கரவனுக்கு அச்சும் சட்டமும் கதவும் செய்து கொடுக்கும் சிறிய பட்டறைகளில் நம்மவர்கள் சிலரும் வேலை செய்கிறார்கள். செய்கிறவர்கள் நாங்கள், அதில் ஏறிப் போகிறவர்கள் வேறு ஆட்கள் என்ற எண்ணம் எனக்குப் பல காலம் இருந்தது.

யூட் என்ற வாகனம்

என்னிடம் ஒரு யூட் இருக்கிறது. வேலைக்காகப் பழையதாக வாங்கியது. ஊரில் என்.ஜீ.ஓ.க்காரர் வைத்திருந்த டபிள் கப் பிக்கப்தான் அது. முன்னால் ஐந்து பேர் இருக்கலாம், பின்னால் தட்டு.

இந்த வாகனத்துக்கு நல்ல கதை ஒன்று உண்டு. 1930களின் தொடக்கத்தில் கிப்ஸ்லாண்டைச் சேர்ந்த ஒரு விவசாயியின் மனைவி ஜீலோங்கில் இருந்த போர்ட் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாராம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நனையாமல் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றவும் ஒரே வாகனம் வேண்டும், இரண்டு வாங்கக் காசில்லை என்று. லூயிஸ் பான்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் அதைக் கீறிக் கொடுக்க, 1934இல் முதல் யூட் வெளிவந்தது. போர்ட் இந்த நாட்டில் வாகனம் செய்வதை 2016இல் நிறுத்திவிட்டது. இப்போது றோட்டில் ஓடும் யூட்டுகள் அநேகமாகத் தாய்லாந்தில் இருந்து வருகின்றன. ஆனால் அந்த அம்மாவின் கணக்கு மாறவில்லை. ஒரே வாகனத்தில் வேலையும் குடும்பமும்.

சென்ற வருடம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு எங்கேயாவது போகலாம் என்று யோசித்தபோது, பழைய கரவன் ஒன்று வாங்கினால் என்ன என்று மனைவியிடம் கேட்டேன். அவர் சட்டியைக் கழுவிக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"என்னப்பா, வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு திரிஞ்சது காணாதோ? இனிக் காசு குடுத்தும் இழுக்க வேணுமோ?"

எனக்குப் பதில் வரவில்லை. கரவன் கதையை நான் சில மாதங்கள் எடுக்கவேயில்லை.

மெசினும் பெட்டியும்

வன்னியில் இருந்த ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே உழவு இயந்திரத்தை மெசின் என்போம், அதன் பின்னால் பூட்டும் வண்டிலைப் பெட்டி என்போம். 2008இன் கடைசியிலும் 2009இன் தொடக்கத்திலும் பரந்தன் முல்லைத்தீவு வீதி முழுவதும் மெசினும் பெட்டியும்தான். கிளிநொச்சி 2009 ஜனவரி 2ஆம் திகதி விழுந்தது. எங்கள் குடும்பம் அதற்கு முன்பே தர்மபுரம் வந்து, விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம் என்று நகர்ந்தது. எனக்குப் பதினெட்டு வயது. மாமாவின் மெசின். பெட்டியில் நெல் மூட்டை, கூரைத் தகரம், தையல் மெசின், கதவு, ஜன்னல், எல்லாவற்றுக்கும் மேலே அம்மம்மா.

பெட்டி அடுக்குவதில் மாமா பெரிய ஆள். அவசரத்தில் எல்லாரும் சாமானைத் தூக்கிப் பின்பக்கம் எறிவார்கள். மாமா நிற்பாட்டுவார். "பாரத்தைச் சில்லுக்கு மேலை வை. கொஞ்சம் முன்னுக்குச் சரிஞ்சு நிக்கட்டும். பின்னுக்குக் கூடினா பெட்டி மெசின்ரை குண்டியைத் தூக்கும்" என்பார். இரண்டு சில்லுப் பெட்டியில் பின்பாரம் கூடினால் கொழுக்கி மேலே எழும்பும், மெசினின் பின் சில்லுக்குப் பிடி போய்விடும். சேற்றில் அப்படி நின்றுபோன பெட்டிகளைத் தாண்டித்தான் நாங்கள் போனோம். இன்னொன்றும் சொல்வார்: "பெட்டி ஆடினா பிறேக்கிலை கால் வையாதை. காலை எடு."

எங்கள் பெட்டி இரணைப்பாலை வரை வந்தது. அதற்கு மேல் கையில் பிடித்ததோடு நடந்தோம். அங்கே விட்டவற்றைப் பற்றி இங்கு எழுதப் போவதில்லை. வாசிக்கிற உங்களில் பலருக்கும் அது தெரியும்.

கணக்கு

மனைவியின் மனம் எப்படி மாறியது என்று கேட்பீர்கள். மாறவில்லை. எங்கள் மகள், எட்டு வயது, பள்ளிக்கூடத்தில் விடுமுறைக்கு எங்கே போனாய் என்று எழுதச் சொன்னபோது "ஸ்ரட் பார்க்" என்று எழுதிவிட்டு வந்தாள். அதை வாசித்த அன்று இரவு மனைவி, "சரி, பாருங்கோ. ஆனால் பெரிசு வேண்டாம்" என்றார்.

முதலில் ஒரு விற்பனை முற்றத்துக்குப் போனேன். இருபது அடிக் கரவன் ஒன்றைக் காட்டினார்கள். "உங்கடை யூட் 2,500 கிலோ இழுக்கும், இது முழுப் பாரத்தோடை 2,500தான், பொருந்தும்" என்றார்கள். எனக்கும் சரியாகவே பட்டது. நல்ல காலம், பக்கத்து வீட்டு இத்தாலிய ஐயாவிடம் சொன்னேன். அவர் நாற்பது வருடமாகக் கரவன் இழுத்தவர். ஒரு கடதாசியும் பேனையும் எடுத்துக்கொண்டு வந்தார். அன்று அவர் சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

இழுக்கும் வாகனத்துக்கும் கரவனுக்கும் சில எல்லைகள் உண்டு. கரவனுடையவை அதன் தகட்டில் இருக்கும். வாகனத்துடையவை அதன் தகட்டிலும் கைநூலிலும் இருக்கும்.

ஜீ.வி.எம். என்பது வாகனம் தன் சில்லுகளில் தாங்கக்கூடிய முழுப் பாரம். ஆட்கள், சாமான், எண்ணெய் எல்லாம் இதில் அடக்கம். கரவனின் மூக்கு கொழுக்கியில் அழுத்தும் பாரமும் இதில் அடக்கம்.

ஏ.ரி.எம். என்பது கரவன் சாமான்களோடு தனியாக நிற்கும்போது இருக்கக்கூடிய முழுப் பாரம். வெறும் கரவனின் நிறை டெயர் எனப்படும்.

ஜீ.சி.எம். என்பது வாகனமும் கரவனும் சேர்ந்து இருக்கக்கூடிய முழுப் பாரம். நம்மவர்கள் அநேகமாகப் பார்க்காமல் விடுவது இதைத்தான்.

என் யூட்டின் எல்லைகள் இவை. வெறும் நிறை 1,900 கிலோ. ஜீ.வி.எம். 2,800. இழுக்கக்கூடியது 2,500. கொழுக்கியில் 250. ஜீ.சி.எம். 4,700.

இப்போது ஐயா போட்ட கணக்கைப் பாருங்கள். யூட் 1,900. நாங்கள் நால்வர் 240. பின்தட்டு மூடியும் முன் இரும்புக் கம்பியும் 120. தட்டில் சாமான் 150. மொத்தம் 2,410. ஜீ.சி.எம். 4,700இல் இதைக் கழித்தால் மிஞ்சுவது 2,290 கிலோ. ஆக, 2,500 இழுக்கும் என்று சொன்ன யூட், என் குடும்பமும் சாமானும் ஏறிய பிறகு 2,290தான் இழுக்கலாம். அந்தப் பெரிய கரவனின் வெறும் நிறையே 2,150. மிச்சம் 140 கிலோ. அதில் இரண்டு தண்ணீர்த் தாங்கிகள், தலா 80 லீற்றர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. தண்ணீர் நிரப்பிய உடனேயே எல்லை தாண்டிவிடும். காஸ் போத்தல், சட்டி பானை, அரிசி, படுக்கை எதுவும் ஏற்றுவதற்கு முன்பே.

எல்லை தாண்டினால் என்ன, மெதுவாகப் போகலாம்தானே என்று கேட்டேன். ஐயா சிரிக்கவில்லை. பொலிஸ் நிறுத்தினால் தண்டம், விபத்து நடந்தால் காப்புறுதி கையை விரிக்கக்கூடும் என்றார். பிறகு, "பாரமான வாகனம் பாரம் குறைந்த கரவனை இழுத்தால் வாகனம் சொல்வதைக் கரவன் கேட்கும். மாறி நடந்தால் கரவன் சொல்வதை வாகனம் கேட்கும்" என்றார். கரவன் தன் முழுப் பாரத்தோடும் யூட்டை விடப் பாரம் குறைந்ததாக இருக்கட்டும் என்பது அவர் சொன்ன விதி. அது சட்டம் இல்லை, அனுபவம்.

கடைசியில் ஒரு வயதான தம்பதியிடம் பதினாறு அடிப் பழைய கரவன் வாங்கினோம். டெயர் 1,350, ஏ.ரி.எம். 1,700. தனியாரிடம் வாங்கும்போது பி.பி.எஸ்.ஆர். என்ற அரசாங்கப் பதிவேட்டில் இரண்டு டொலர் கட்டித் தேடிப் பாருங்கள். அந்தக் கரவன் மேல் யாருக்காவது கடன் உண்டா என்று தெரியும். கரவனுக்குத் தனி இலக்கத் தகடும் தனிப் பதிவும் உண்டு, காப்புறுதியும் தனியாக எடுக்க வேண்டும்.

பிறேக் பற்றியும் சொல்ல வேண்டும். அச்சில் 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குப் பிறேக் கட்டாயம். 2,000 கிலோவுக்கு மேற்பட்டால் எல்லாச் சில்லுக்கும் பிறேக் வேண்டும், கழன்று போனால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். எங்களுடையது மின்சாரப் பிறேக். அதற்கு வாகனத்துக்குள் ஒரு சின்னப் பெட்டி பூட்ட வேண்டும். அதில் உள்ள பொத்தானை அமத்தினால் கரவனின் பிறேக் மட்டும் தனியாகப் பிடிக்கும். இதை மறக்காதீர்கள், பிறகு தேவைப்படும்.

றோட்டில்

ஒரு வெள்ளிக்கிழமை விடியப்புறம் வெளிக்கிட்டோம். மனைவி அரிசி, பருப்பு, மா, கருவாடு, சம்பல் என்று இரண்டு கிழமைக்குச் சாமான் கட்டியிருந்தார். போவது மூன்று இரவுக்கு. "எதுக்கு இவ்வளவு?" என்றேன். "இருக்கட்டும்" என்றார். நான் மேலே கேட்கவில்லை. எல்லாவற்றையும் கரவனின் பின் அலுமாரியில் அடுக்கினேன். பிள்ளைகளின் இரண்டு சைக்கிளையும் கரவனின் பின் பம்பரில் கட்டினேன். பின்பக்கத் தண்ணீர்த் தாங்கியை நிரப்பினேன். மொத்தக் கணக்கு சரியாக இருந்தது. 1,700ஐத் தாண்டவில்லை. அதனால் சந்தோஷமாக வெளிக்கிட்டேன்.

ஸ்ரட் றோட்டால் தெற்கே இறங்கி மொனாஷ் பிறீவேயில் ஏறினால், அதுவே பிறகு பிரின்சஸ் பிறீவே ஆகிக் கிப்ஸ்லாண்டுக்குள் போகும். பக்கன்ஹாம் தாண்டப் பச்சை தொடங்கும். வொறகுல் பக்கம் மேடு பள்ளம், பால்மாடுகள். பிறகு லற்றோப் பள்ளத்தாக்கு. மோ, மோவெல், ட்ரறல்கன். நிலக்கரி எரித்து மெல்பேணுக்கு மின்சாரம் கொடுத்த இடம். ஹேசல்வூட் மின்நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதன் எட்டுப் புகைபோக்கிகளும் 2020இல் தகர்க்கப்பட்டன. வேலை போன குடும்பங்களை நினைத்துக்கொண்டேன். தொழிற்சாலை மூடுவது என்றால் என்ன என்று எங்களுக்கும் தெரியும்.

ட்ரறல்கன் தாண்டி றோஸ்டேல் போகும் நேர் றோட்டில் 100இல் போய்க்கொண்டிருந்தேன். பெரிய பால் லொறி ஒன்று வலப்பக்கத்தால் முந்தியது. முதலில் அதன் காற்று எங்களை இடப்பக்கம் தள்ளியது. பிறகு உள்ளுக்கு இழுத்தது. கண்ணாடியில் பார்த்தேன். கரவன் இடதும் வலதுமாக ஆடத் தொடங்கியது. முதல் ஆட்டம் சிறிது. அடுத்தது பெரிது. மூன்றாவதில் யூட்டின் பின்பக்கத்தையே தூக்கி எறிவது போல் இருந்தது. ஸ்ரியறிங் கையில் லேசாகிவிட்டது. மனைவி "ஐயோ, பிள்ளையள்!" என்று கத்தினார்.

என் கால் பிறேக்குக்குப் போனது. அழுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் ஒரு காரணம்தான். மாமாவின் குரல் காதில் கேட்டது. காலை எடு. எடுத்தேன். ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அந்தச் சின்னப் பெட்டியின் பொத்தானை அமத்தினேன். கரவனின் பிறேக் பிடிக்க, அது பின்னால் இழுபட்டு நேராகியது. எல்லாம் ஐந்தாறு வினாடிக்குள். மகன் அழவில்லை. "அப்பா, திரும்பவும் செய்யுங்கோ" என்றான்.

றோஸ்டேலில் நிறுத்தினேன். கை நடுங்கியது. மனைவி இறங்கிக் கரவனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்னால் நின்று சைக்கிளையும் அலுமாரியையும் பார்த்தார். பிறகு கேட்டார்:

"மாமா எங்கை பாரம் வைக்கச் சொன்னவர்?"

அவரும் வன்னிப் பிள்ளைதானே. அவர்களுடைய பெட்டியும் அதே றோட்டில் வந்தது.

அரை மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் மாற்றினோம். சைக்கிள்கள் யூட்டின் தட்டுக்கு வந்தன. பின் தாங்கித் தண்ணீரைத் திறந்துவிட்டோம். அரிசியையும் தகரச் சாமானையும் சில்லுக்கு நேர் மேலே நிலத்தில் அடுக்கினோம். மேல் அலுமாரிகளில் உடுப்பும் பாணும் மட்டும். பிறகு 85க்கு மேல் போகவில்லை. லொறிகள் முந்தின. கரவன் அசையவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு பொது நிறுவைத் தளம் ஒன்றில் நிறுத்துப் பார்த்தேன். இதை முதலே செய்திருக்க வேண்டும். கரவனைக் கழற்றித் தனியாக நிறுத்தால் 1,640 கிலோ. யூட்டில் பூட்டி, கரவனின் சில்லுகள் மட்டும் தளத்தில் நிற்க நிறுத்தால் 1,490. வித்தியாசம் 150. அதுதான் கொழுக்கியில் அழுத்தும் பாரம். கரவனின் நிறையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் பொதுவாகச் சொல்வது. அது மிகக் குறைந்தால் கரவன் ஆடும். மிகக் கூடினால் யூட்டின் பின்பக்கம் அமுங்கி முன் சில்லு லேசாகும், முன் வெளிச்சம் வானத்தைப் பார்க்கும். மொத்தப் பாரம் சரியாக இருந்தாலும் அது எங்கே இருக்கிறது என்பது சரியாக இல்லாவிட்டால் பயன் இல்லை. மாமா இதைத் தராசு இல்லாமல் சொன்னார்.

கடல்

பேர்ன்ஸ்டேலில் சென் மேரிஸ் தேவாலயத்தைப் பார்த்தோம். உள்ளே கூரை முழுவதும் ஓவியம். 1930களில், வேலை இல்லாத காலத்தில், பிராங் புளோரியானி என்ற இத்தாலியக் குடியேறி வரைந்தது. வேலை தேடி வந்த ஓர் ஏழையின் கை அது. மகள் கழுத்து நோகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

லேக்ஸ் என்ட்ரன்ஸ் வருவதற்குச் சற்று முன் கலிம்னாவில் றோட்டு ஒரே சரிவாகக் கடலை நோக்கி இறங்குகிறது. இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி வழியில் குறைக்க நினைத்தால் பிந்திவிடும். மேலே ஜெமிஸ் பொயின்ற் என்ற இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம். நாங்கள் நிறுத்தினோம்.

ஒரு பக்கம் களப்பு. அதற்கப்பால் நீளமான மணல் திட்டு. அதற்கும் அப்பால் பெருங்கடல். மணலை வெட்டி ஒரு வாய்க்கால், அதற்குள்ளால் மீன்பிடி வள்ளங்கள். அந்த வாயை மனிதர்கள் வெட்டித் திறந்தது 1889இல். அதற்கு முன் இயற்கையான வாய் மணலால் அடைபடும், இடம் மாறும். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவர் முல்லைத்தீவுக்காரர். வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டி நந்திக்கடல் தண்ணீரைக் கடலுக்கு விடுவதைப் பார்த்து வளர்ந்தவர். கன நேரம் நின்றுவிட்டு, "மணல் இஞ்சை மஞ்சள்" என்று மட்டும் சொன்னார்.

இந்த நிலமும் களப்பும் கனாய்க்குர்னாய் மக்களுடையது. 2010இல் நீதிமன்றம் அவர்களின் பூர்வீக உரிமையை ஏற்றுக்கொண்டது. அதை எழுதிய பலகைக்கு முன்னால் நின்று மகளுக்கு வாசித்துக் காட்டினேன்.

மூன்று இரவு கரவன் பூங்காவில் நின்றோம். குளியலறை, சமையல் கொட்டில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் எல்லாம் அங்கே உண்டு. மீன்பிடி அனுமதி எடுத்து மகனோடு தூண்டில் போட்டேன். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. இரண்டு சின்ன மீன் பிடித்தோம், அளவு காணாது என்று திரும்ப விட்டோம். பக்கத்துக் கரவன்காரர் பெரிய மீன் ஒன்றை எங்களுக்குத் தந்தார். மனைவி அதைப் பொரித்து அவர்களுக்கும் கொடுத்தார். உறைப்பால் அவர்களுடைய கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் திரும்பவும் கேட்டார்கள்.

இரண்டாம் நாள் இரவு மகன் படுக்கையில் இருந்து கேட்டான்: "அம்மா, நாங்கள் எப்ப வீட்டை போவம்?"

"திங்கட்கிழமை" என்றார் மனைவி. பிறகு கொஞ்ச நேரம் இருட்டில் பேசாமல் இருந்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"அப்ப நான் அம்மாவிட்டை இதையேதான் கேட்டனான். அவவுக்குச் சொல்லத் தெரியேல்லை."

எனக்கு அப்போதுதான் விளங்கியது, இரண்டு கிழமைக்கு ஏன் அரிசி கட்டினார் என்று.

நாங்கள் இருவரும் 2012இல் வெவ்வேறு படகில் வந்தவர்கள். கிறிஸ்மஸ் தீவு, பிறகு தற்காலிக விசாக்கள். 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தவர்கள் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்த பிறகுதான் எங்களுக்கு நிலையான கடிதம் வந்தது. அந்த அறிவிப்புக்குள் அடங்காமல் போனவர்களும் நம்மிடையே உண்டு, அவர்களை மறந்து எழுத எனக்கு மனமில்லை. எங்களுக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை என்று பிள்ளைக்குச் சொல்லவும், திங்கட்கிழமை அதே வீட்டுக் கதவைத் திறக்கவும் முடிகிறது.

புதிதாக வந்தவர்களுக்கு

எல்லாரும் கரவன் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஆனால் இழுப்பதானால் இவற்றைச் செய்யுங்கள்.

தகடுகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தையும் சாமானையும் சேர்த்துக் கணக்குப் பார்க்காமல், விற்பவர் சொல்லும் ஓர் இலக்கத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கொழுக்கிக் கம்பிக்கும் தனி எல்லை உண்டு, எது குறைவோ அதுவே உங்கள் எல்லை. வெளிக்கிட முன் நிறுத்துப் பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலி, விளக்குகள், ரயர் காற்று, பக்கக் கண்ணாடி ஒவ்வொரு முறையும் பாருங்கள். காஸைப் பூட்டுங்கள். ஓடும் கரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது, பிள்ளை நித்திரை என்றாலும் கூடாது. சாதாரணக் கார் லைசன்ஸ் போதும், ஆனால் விக்ரோரியாவில் சிவப்பு 'பி' தகட்டோடு ஓடுபவர்கள் பொதுவாக இழுக்க முடியாது. வெளியூரில் போகத் தடம் ஒன்றே உள்ள றோட்டில், முன்னால் போகும் லொறி போன்ற நீளமான வாகனத்துக்கு 60 மீற்றர் இடைவெளி விடுங்கள். கரவனோடு சேர்த்து 7.5 மீற்றரோ அதற்கு மேலோ நீளமானால் இது உங்களுக்கும் சட்டம். எண்ணெய்க் காசையும் நினைவில் வையுங்கள். எனக்கு நூறு கிலோமீற்றருக்கு ஒன்பதரை லீற்றர் பிடிக்கும் யூட், கரவனோடு பதினைந்து பிடித்தது.

ஆடினால் பிறேக்கில் கால் வையாதீர்கள். காலை எடுங்கள், நேராகப் பிடியுங்கள், கரவனின் பிறேக்கைத் தனியாகப் பிடியுங்கள்.

கரவன் இப்போது எங்கள் முற்றத்தில் நிற்கிறது. இத்தாலிய ஐயா அதன் கூரைக் கசிவை அடைத்துத் தந்தார். சென்ற கிழமை வேலை முடிந்து வந்தபோது கரவன் கதவு திறந்திருந்தது. உள்ளே மனைவி அலுமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன்.

"சித்திரை லீவுக்கு எங்கை போறம் எண்டு பிள்ளை கேக்கிறாள். இந்தமுறை மூண்டு நாளைக்குக் காணும் எண்ட அளவிலைதான் அரிசி வைப்பன்" என்றார்.